பழைய மூங்கில் தூண்டில் தடி: கோளாறு பார்த்துத் திருத்துவது

ஓகஸ்ட் வந்தால் இலண்டனில் இருந்து வரும் சொந்தங்களோடு ஒன்றிரண்டு பழைய தூண்டில் தடிகளும் கிளிநொச்சிக்கு வந்து இறங்கும். அங்கே பழைய சாமான் சந்தையில் மலிவாக வாங்கியிருப்பார்கள். இரணைமடுக் குளத்தில் ஒரு விராலாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. இன்னும் சில தடிகள் மலையகத்தில் இருந்து வந்தவை. தோட்டத்துத் துரைமார் ட்ரவுட் பிடித்த தடிகள் அவை. துரை போகும்போது பங்களாவில் வேலை செய்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போக, அந்தக் குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தபோது கூடவே வந்தது. எங்கள் வீட்டில் இருந்ததும் அப்படி வந்த ஒன்றுதான். அதன் கதை கீழே வரும்.

மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிய தடிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அடித்துண்டு முழு மூங்கிலாகவும் நுனி மட்டும் ஒட்டியதாகவும் இருக்கிற தடிகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

எதையும் தொடுமுன்: பசை என்ன?

இதைப் பார்க்காமல் சூடு காட்டாதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய தடிகளில் பெரும்பாலும் வச்சிரம்தான், அதாவது தச்சர்மார் காய்ச்சுகிற அதே தோல் பசை. ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும். பிந்திய தடிகளில் இரசாயனப் பசை.

அடித்துண்டின் கீழ் நுனியில் வார்னிஷ் இல்லாத இடத்தில் பட்டைகள் சேரும் கோட்டைப் பாருங்கள். கருஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தால் இரசாயனப் பசை, பயமில்லை. தேன் நிறமாக இருந்தால், அல்லது கோடே தெரியாவிட்டால், வெந்நீர்த் துளி ஒன்றை அந்த இடத்தில் மட்டும் வைத்து ஐந்து நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் வச்சிரம். உடனே துடைத்து உலர விடுங்கள். சந்தேகமாகவே இருந்தால் வச்சிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு கழருதில்லை

தடியின் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டும் பித்தளைக் குழல்தான் மூட்டு. அது கழராமல் சிக்குவதுதான் அதிகம் வருவது. "அண்ணை, நானும் மச்சானும் இழுத்துப் பாத்திட்டம், அசையுதில்லை" என்பார்கள். பார்த்தால் பித்தளையில் குறட்டின் பல் பதிந்திருக்கும்.

முதலில் ஒன்று: திருகாதீர்கள். திருகினால் மூட்டு கழராது, மூட்டுக்குக் கீழே பட்டைகள்தான் பிரியும். நேராக மட்டுமே இழுக்க வேண்டும். தூண்டில் நூல் ஓடும் வளையத்தைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

*நடுப்பகலில் முயன்றீர்களா?* அப்படியானால் தடியை நிழலில் வைத்துவிட்டு விடியற்காலையில் பாருங்கள். பாதித் தடிகள் அப்போதே கழன்றுவிடும்.

*தனியாக இழுக்கிறீர்களா?* ஒரு கதிரையில் இருங்கள். தடியை முழங்கால்களுக்குப் பின்னால் குறுக்காக வைத்து, மூட்டுக்கு இரு பக்கமும் கைகளால் பிடியுங்கள். கைகள் முழங்கால்களுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இனிக் கையால் இழுக்க வேண்டாம், முழங்கால்களை மெல்ல அகட்டுங்கள். இழுவை நேராகவே வரும்.

*இரண்டு பேர் இருந்தால்:* ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. எதிரெதிரே நின்று ஒவ்வொருவரும் ஒரு கையை ஆண் பக்கத்திலும் (உள்ளே போகும் குழல்) மற்றக் கையைப் பெண் பக்கத்திலும் (அதை ஏற்கும் வெளிக்குழல்) வையுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிச் சேர்ந்து இழுங்கள். மூட்டு சட்டென்று விட்டாலும் யாரும் பின்னுக்கு விழமாட்டார்கள், நுனியும் சுவரில் மோதாது.

*அதற்கும் அசையவில்லை:* ஐஸ் கட்டிகளைச் சொப்பிங் பையில் போட்டு, தண்ணீர் மூங்கிலில் படாதபடி, மூட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் பிடியுங்கள். பிறகு பையை எடுத்துவிட்டு வெந்நீரில் பிழிந்த துணியைப் பெண் பக்கத்து உலோகத்தின் மேல் மட்டும் சில விநாடி சுற்றி, உடனே இழுங்கள். வெளிக்குழல் விரியும்போது உள்ளிருப்பது இன்னும் குளிர்ந்து சுருங்கியே இருக்கும்.

*கடைசி வழி:* வாயோரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், மூங்கிலுக்குள் இறங்கிய எண்ணெய் வெளியே வராது.

மூன்று காலை முயன்றும் வராவிட்டால் நிறுத்துங்கள். அப்புறம் நூலை அவிழ்த்து, குழலையே மூங்கிலில் இருந்து கழற்ற வேண்டிவரும். முன்பு அதைச் செய்யாதவர் கைவைக்கக் கூடாது.

கழன்றபின் குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்துக் குழலின் உள்ளே துடையுங்கள். பச்சைக் களிம்பு வரும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். கிறீஸ் பூசாதீர்கள். எங்கள் செம்மண் தூசி கிறீஸோடு சேர்ந்தால் மூட்டைத் தேய்த்தே முடித்துவிடும்.

வீசும்போது 'டிக்' என்று சத்தம், மூட்டு ஆடுகிறது

மூட்டைப் பூட்டி, பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு உலோகமும் சந்திக்கும் இடத்தில் இருக்கும்படி பிடித்து, தடியை மெல்ல ஆட்டுங்கள். பிறகு உலோகமும் மூங்கிலும் சந்திக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் எங்கே என்று விரலே சொல்லும்.

*உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஆட்டம்:* முதலில் அழுக்கைப் பாருங்கள். முழுவதும் உள்ளே இறங்காத மூட்டும் ஆடும். துடைத்தபின்னும் ஆடினால் ஆண் பக்கத்தில் தேன்மெழுகை விரலால் மெல்லியதாகத் தேயுங்கள். தேன் எடுக்கிற ஊரில் மெழுகுக்குப் பஞ்சமில்லை. ஒரு பருவம் ஓடும். அதற்கு மேலும் ஆடினால், அல்லது பெண் பக்கத்து வாய் நீள்வட்டமாகிப் போயிருந்தால், நகை செய்யும் பத்தரிடம் கொண்டு போங்கள். மோதிரத்தை வட்டமாக்கும் கோல் அவரிடம் இருக்கும், வாயைப் பதமாகத் தட்டித் தருவார். குழலில் வெடிப்பு இருந்தால் அவரே பற்றவைக்கவும் முடியும். ஆனால் குழலை மூங்கிலில் இருந்து கழற்றித்தான் கொடுக்க வேண்டும். ஊதுகுழாய் நெருப்புக்கு முன்னால் எந்தப் பசையும் நிற்காது. குறட்டால் நெரித்து இறுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

*உலோகத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஆட்டம்:* உள்ளே இருக்கும் பசை காய்ந்து பொடியாகிவிட்டது. எங்கள் ஊரில் இதற்குத் தகரக் கூரைதான் காரணம். பகல் முழுதும் வெக்கையில் மூங்கில் சுருங்கும், மாரியில் ஊதும், பசை இரண்டுக்கும் நடுவில் அரைபடும். குழலின் மேல் வார்னிஷுக்குள் ஊசிமுனை அளவு புள்ளி தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது ஊடே அடித்த சிற்றாணி. முனை மழுங்கத் தேய்த்த ஊசியால் அதைத் தட்டி வெளியேற்றாமல் குழலை இழுத்தால் மூங்கில் கிழியும். ஆணி போனபின், குழலுக்கு மட்டும் மெழுகுதிரிச் சூட்டைச் சில விநாடி காட்டி, துணியால் பிடித்து நேராக இழுங்கள். வச்சிரத் தடி என்றால் மூங்கிலில் ஈரத்துணி சுற்றாதீர்கள், ஈரமும் பகைதான். உலர்ந்த துணி போதும், சூட்டைத்தான் குறைக்க வேண்டும்.

பழைய பசையைச் சுரண்டி, குழலின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்ல இறுகும் எப்பொக்சியால் ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதி வேண்டாம், சுப்பர் குளூ வேண்டவே வேண்டாம். மூங்கில் சுருங்கி இடைவெளி இருந்தால் மெல்லிய நூலை இடைவிட்டு நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டு ஒட்டலாம். வளையங்கள் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு ஒருநாள் தொடாமல் விடுங்கள். புது ஆணி அடிக்க வேண்டாம், அந்தத் துளையில்தான் தடி முறியும்.

தடி வளைந்தே நிற்கிறது

கண்ணருகே பிடித்து, உருட்டி உருட்டிப் பாருங்கள். வளைவு மூட்டில் என்றால் அது மூங்கிலின் குற்றமில்லை, மேலே சொன்ன வேலைதான்.

வளைவு நுனித்துண்டில், ஓரிரு அங்குலம் என்றால் நான் எதுவும் செய்வதில்லை. திலாப்பியாவுக்கு அது தெரியாது. பூட்டும்போது நுனியைத் திருப்பி, வளைவு மேற்பக்கம் வரும்படி வைத்து ஒரு பருவம் மீன் பிடியுங்கள், பாதி தானே நிமிரும். அப்படித் திருப்பினால் நுனியின் வளையங்கள் அடித்துண்டின் வளையங்களோடு ஒரே கோட்டில் வராது. அது பிடிக்காதவர்கள், நிழலான அறையில் தடியைத் தலைகீழாகத் தூக்கி, கீழே ஒரு சிறு பாரம் கட்டி மாதக்கணக்கில் விடலாம்.

அதைவிடப் பெரிய வளைவுக்குச் சூடுதான் வழி. வச்சிரத் தடிக்கு அந்த வழி இல்லை. மற்றத் தடிகளை, புகையில்லாத தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உருட்டிக்கொண்டே சூடாக்கி, மூங்கில் கொஞ்சம் இளகுவது கையில் தெரிந்ததும் நேர்கோட்டைச் சற்றுத் தாண்டும்படி எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடியுங்கள். அந்த இடத்து வார்னிஷ் கொப்பளிக்கும், பிறகு பூச வேண்டியதுதான். முதல் தரம் பழகுவதற்கு உடைந்துபோன தடி ஒன்றை எடுங்கள். மூங்கிலில் கபில நிறம் ஏறத் தொடங்கினால் தாமதமாகிவிட்டது.

வளைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் சுவரில் சாய்த்து வைத்ததுதான். இல்லாவிட்டால் வாகனத்தின் பின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விட்டது.

பட்டைகள் பிரிந்து வாய் திறந்திருக்கிறது

பசைக்கோட்டில் நகத்தை ஓட்டுங்கள், இடறினால் அங்கே பிரிவு. சிகரெட் தாள் உள்ளே போகிறதா பாருங்கள். பிறகு காதருகே வைத்து மெல்ல வளையுங்கள். கிறுகிறு என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத பிரிவும் இருக்கிறது.

*ஒரு விரல் நீளம், ஒரு கோட்டில் மட்டும்:* வீட்டில் செய்யலாம். மெல்லிய சவர அலகால் வாயைச் சற்றே திறந்து தூசியை ஊதிவிடுங்கள். எப்பொக்சியைக் கொஞ்சமாகக் குழையுங்கள். எங்கள் வெக்கையில் பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள், பாதியிலேயே இறுகிவிடும். ஆகவே காலை ஆறு மணி வேலை. பசையை வாயில் தடவிவிட்டு, மெல்லிய தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) இரு கையாலும் இழுத்துப் பிடித்துப் பிளவுக்குள் முன்னும் பின்னும் ஓட்டுங்கள், பசை அடிவரை இறங்கும். பிறகு பருத்தி நூலால் சுற்றி இறுக்குங்கள்: ஒருமுறை வலஞ்சுழியாகப் போய், அதே நூலால் இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் தடி முறுக்கிக்கொண்டு காயும், பிறகு அதை எந்தக் கடவுளும் நிமிர்த்த முடியாது. வெளியே வந்த பசையைத் துடைத்து, கண்ணருகே பிடித்து நேர் பார்த்து, தொங்கவிடுங்கள்.

*ஒரு சாணுக்கு மேல், அல்லது இரண்டு மூன்று கோடுகளில்:* இங்கேதான் நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுத் தடியை 2009 தொடக்கத்தில் இடம்பெயரும்போது, அப்பா உரப்பையில் சுற்றி மாட்டுக்கொட்டில் மூலையில் புதைத்தார். மீள்குடியேறி வந்து தோண்டியபோது பித்தளை அப்படியே இருந்தது, கைபிடிகூடத் தப்பியிருந்தது. நூல்கள் இற்றிருந்தன. பையைப் பிரித்ததும் நுனித்துண்டு ஆறு ஈர்க்காக விரிந்து என் கையில் விழுந்தது. வச்சிரம் ஒரு மாரியைத் தாங்கவில்லை.

ஆறையும் கழுவி, காயவைத்து, நானே ஒட்டினேன். ஒழுங்குமாறாமல் இருக்கப் பட்டைகளில் இலக்கம் போட வேண்டும் என்று அப்போது தெரியாது. கணுக்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வந்து சேர்ந்தன. ஒரே பக்கமாகத்தான் நூலும் சுற்றினேன். காய்ந்தபோது நுனி கால் சுற்று முறுக்கியிருந்தது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, கொடி கட்டலாம்" என்றார். இப்போதும் பட்டறைச் சுவரில் இருக்கிறது. அந்த அளவு பிரிந்தது உங்களுக்கு வேண்டிய தடி என்றால், மூங்கில் தடி கட்டுகிற கைவினைஞரிடம்தான் அனுப்ப வேண்டும். இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறார்கள். கொண்டுவந்த சொந்தமே திரும்பக் கொண்டு போகட்டும். பி.வி.சி. குழாயில் துணி சுற்றிப் போட்டால் விமானத்தில் பத்திரமாகப் போகும்.

வார்னிஷ் உரிகிறது, வெளுக்கிறது, ஒட்டுகிறது

*வெள்ளை படர்ந்திருக்கிறது:* ஈரம். நனைந்த துணிப்பையில் கட்டி வைத்திருப்பீர்கள். நிழலில் ஒரு கிழமை தொங்கவிடுங்கள், பெரும்பாலும் தானே தெளியும்.

*புதிதாகப் பூசியது காயாமல் ஒட்டுகிறது:* கீழே எண்ணெய் இருந்திருக்கும், அல்லது ஐப்பசி, கார்த்திகையில் பூசியிருப்பீர்கள். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். காயாவிட்டால் சுரண்ட வேண்டும்.

*உரிகிறது:* உரிந்த இடத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். சாண்ட் பேப்பரை அழுத்தித் தேய்க்காதீர்கள். மூங்கிலின் பலமெல்லாம் மேற்பட்டைக்கு அடியில் இருக்கும் நாரில்தான், அதைத் தேய்த்துவிட்டால் பிறகு இருப்பது வெறும் ஈர்க்கு. பெயின்ற் உரிக்கும் மருந்தும் வேண்டாம், அது பசையையும் பிடிக்கும்.

பூசுவதற்கு நல்ல காலம் தையும் மாசியும். மழை விட்டிருக்கும், வெக்கை ஏறியிராது, சோழகக் காற்று இன்னும் தூசி கிளப்பத் தொடங்கியிராது. அறைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். விரல் நுனியால் மெல்லியதாகப் பூசி, அலுமாரிக்குள் நூலில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். இரண்டு பூச்சுப் போதும். வீட்டில் அலுமாரியை யாரும் மூன்று நாளைக்குத் திறக்கக் கூடாதென்று சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி.

வளையம் கட்டிய நூல் அவிழ்கிறது

ஒன்றிரண்டு அவிழ்ந்தால் அந்த ஒன்றிரண்டை மட்டும் கட்டுங்கள். எல்லாவற்றையும் அறுத்துப் புதிதாகக் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய கட்டில்தான் அந்தத் தடியின் வயது இருக்கிறது. விற்க நினைத்தாலும் பழைய கட்டுக்குத்தான் மதிப்பு. மெல்லிய பட்டுநூல் தையல் கடையில் கிடைக்கும். வார்னிஷ் பட்டால் பட்டு கண்ணாடிபோல் ஆகி நிறம் போய்விடும் என்பதால், முதலில் தளபாடத்துக்கு அடிக்கும் அரக்குப் பொலிஷ் இரண்டு தரம் பூசிக் காயவிடுங்கள். வளையத்தின் பாதம் தடித்திருந்தால் அரத்தால் சரிவாக ராவுங்கள், இல்லாவிட்டால் நூல் அந்தப் படியில் ஏறாது.

தங்கூசி அறுந்துகொண்டே இருக்கிறது

மீனைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை இழுத்துப் பாருங்கள், எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே குற்றம். பழைய நுனி வளையங்களில் அகேற் கல் பதித்திருப்பார்கள், அதில் மயிரளவு வெடிப்பே கத்தியாக வெட்டும். கல்லை ஒட்ட முடியாது, வளையத்தை மாற்ற வேண்டும். உலோக வளையத்தில் தங்கூசி அறுத்த பள்ளம் இருந்தாலும் அப்படியே. ஒரு மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பியை ஆணியில் சுற்றி நான் பாம்பு வளையம் செய்திருக்கிறேன், அழகில்லை, வேலை செய்கிறது.

கைபிடிக் கார்க் இடிந்திருக்கிறது

கறுப்பாக இருப்பது அழுக்கு மட்டும் என்றால் சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போதும். பள்ளங்களுக்கு, போத்தல் மூடிக் கார்க்கை அராவிய பொடியைப் பசையில் குழைத்து அடையுங்கள். ஊரில் கார்க் கிடைக்காது. வெளிநாட்டுச் சொந்தம் வந்துபோன வீட்டில் வைன் போத்தல் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சிறு துளைகள், மா கொட்டுகிறது

கறுப்புத் தாளின் மேல் தடியைத் தட்டுங்கள். வெள்ளை மா விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. எதுவும் விழாவிட்டால் பழைய துளை, மெழுகால் அடைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வார்னிஷ் நன்றாக உள்ள தடியில் இது அரிது, முழு மூங்கில் அடித்துண்டில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உயிருள்ள வண்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். துண்டுகளைத் தனித்தனியாகப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்தபின் ஒருநாள் பையைத் திறக்க வேண்டாம், திறந்தால் குளிர்ந்த மூங்கிலில் வேர்த்துவிடும். வீட்டு ஃபிறிட்ஜில் நீளம் போதாது. முல்லைத்தீவில் மீன் வாங்கி அனுப்பும் நண்பரின் பெட்டியில் நான் வைத்தேன், அறக்குளாவுக்கு நடுவில் குறுக்காக. துளைகள் மூட்டுக்குப் பக்கத்திலோ அடித்துண்டின் நடுவிலோ கூட்டமாக இருந்தால் அந்தத் துண்டை மீனுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நுனி முறிந்தது

ஓட்டோவில் ஏற்றும்போது, கதவில் நசுங்கும்போது, அல்லது மீன் மாட்டாத நேரத்தில் பிள்ளைகள் வாள் சண்டை போடும்போது. மீன் முறித்த நுனியை நான் இரண்டே தரம்தான் கண்டிருக்கிறேன்.

*இரண்டு அங்குலத்துக்குள்:* முறிந்த இடத்தைச் சுத்தமாக வெட்டி, நுனி வளையத்தைக் கீழே இறக்கி ஒட்டுங்கள். வளையத்தின் குழல் சிறிதாக இருந்தால் பெரிய குழல் தேடுங்கள், மூங்கிலைச் சீவிப் பொருத்தாதீர்கள். தடி கொஞ்சம் விறைப்பாகும், அவ்வளவுதான்.

*நீளமான சிம்பாக முறிந்து, சிம்பு முழுமையாக இருந்தால்:* அதே இடத்தில் வைத்து ஒட்டி, மேலே நெருக்கமாகப் பட்டுநூல் சுற்றலாம். பாரமான மீனுக்கு நம்ப வேண்டாம்.

*நடுவில் குறுக்காக முறிந்தது:* புது நுனி செய்விக்க வேண்டும். வளவில் நிற்கும் மூங்கிலைச் சீவிச் செய்யலாமா என்று கேட்பார்கள். நானும் செய்து பார்த்தேன், முதல் வீச்சிலேயே தொங்கிவிட்டது. இந்தத் தடிகளின் மூங்கில் வேறு சாதி. தொன்கின் என்று பெயர் இருந்தாலும் வளர்வது சீனாவின் குவாங்டொங் பக்கம், நார் அடர்த்தியாக வெளியோரத்தில் நிற்கும். புது நுனி பழைய அடித்துண்டின் சரிவுக்கு ஒத்துவர வேண்டுமானால் செய்பவருக்கு அளவு வேண்டும்: மிஞ்சியிருக்கும் துண்டை ஆறு அங்குலத்துக்கு ஒரு தரம், எதிரெதிர் முகங்களுக்கிடையில், வேர்னியர் அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். மூட்டின் உள்விட்டத்தையும் சேர்த்து எழுதி, முறிந்த துண்டுகளையும் எறியாமல் கூடவே கட்டி அனுப்புங்கள்.